சாய்ஸில் விடாத ஆசிபா

வேலுத்தாயின் ரவிக்கைத் துணியைக் குப்புறப் போட்டு, கழுத்துக்கு வளைவு வரைந்து, தோளுக்கு அரை அங்குலம் தள்ளிக் கோடு இழுத்து, அந்தக் கோட்டுக்குக் கீழே இங்கிலீஷில் ஒரு சொல் எழுதுகிறாள் ஆசிபா. எழுதுவது டெய்லர் சாக்கால். இன்றைக்கு வாய்த்த சொல் 'ப்ராமிஸ்'. அதை வாய்க்குள் இரண்டு தடவை உருட்டிப் பார்க்கிறாள். "ப்ராமிஸ்... வாக்குத்தான் குடுத்திருக்கு, வேலை இன்னும் நடக்கல. அப்ப டு," என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கத்தரியை எடுக்கிறாள். அதற்கு முன்னால் சட்டைக் கையை முழங்கை வரைக்கும் இரண்டு மடிப்பு மடித்துவிட்டாயிற்று. கையை மடிக்காமல் அவளுக்கு எந்த வேலையும் ஓடாது. சோறு வடிக்கவும் அப்படித்தான், பேனா பிடிக்கவும் அப்படித்தான்.

வெட்டி முடித்ததும் பழைய பல் பிரஷ் ஒன்றால் எழுத்தைத் தட்டிவிட வேண்டும். பாதி நாள் மறந்துவிடுவாள். அதனால் கோவில்பட்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் எத்தனையோ பெண்கள் முதுகுக்குள் ஓர் இங்கிலீஷ் வினைச்சொல்லைச் சுமந்துகொண்டு பஸ் ஏறுகிறார்கள், கடலைமிட்டாய் பாக்கெட் போடுகிறார்கள், மல்லிக் காட்டில் களை எடுக்கிறார்கள். அவர்களுக்கு அது தெரியாது. வேலுத்தாய்க்கு மட்டும் தெரிந்துவிட்டது. எட்டயபுரத்துக்குப் பக்கத்திலிருந்து வருகிற, விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டு அம்மாள். புதுத் துணியைத் திருப்பிப் பார்க்காமல் உடுத்த மாட்டாள்.

"ஏட்டி ஆசிபா, போன தடவ எம்முதுகுல என்னத்தையோ எழுதி அனுப்பிட்டியே, மந்திரமா?"

"மந்திரந்தான் பெரியம்மா. இங்கிலீஷ் மந்திரம். ஒரு தண்ணில அலசுனா போயிரும்."

"போகலயே. ரெண்டு தண்ணி ஆச்சு."

"அப்ப நல்ல மந்திரம். எனக்குத்தான் மண்டையில நிக்க மாட்டேங்கு."

ஆசிபாவுக்கு நாற்பத்து மூன்று வயது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மிட்டாய்க் கடைகளின் வெல்லப்பாகு வாசனை வந்து முட்டுகிற சந்தில் கடை. இரண்டு மெஷின் இருந்தாலும் ஒன்றில்தான் தைப்பாள். இன்னொன்று துணி குவிக்க. பிடித்த இடத்தில் நிற்காத வழுக்குத் துணி, ஊசியைக் கடிக்கிற வெல்வெட்டு, வேறு டெய்லர் வெட்டிக் கெடுத்த பட்டு என்று ஊரில் மற்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைப்பதெல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து சேரும். முடியாது என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. சொன்ன நாளில் கொடுத்தாள் என்றும் யாரும் கேட்டதில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் அவளை ஊர் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இந்தக் கைக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. எட்டயபுரம் சாலையில் ஒரு தையல் பயிற்சி மையம். அங்கே பயிற்றுநராகச் சேர வேண்டும் என்பது ஆசிபாவின் ஆசை. அவள் வெட்டிய ஒரே ஒரு சுடிதாரைப் பார்த்து அவர்களும் சரி என்றுவிட்டார்கள். ஆனால் பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டு இருபத்தைந்து வருஷம் கழித்து, தனித்தேர்வராக உட்கார்ந்து, ஒவ்வொரு பாடமாகத் தாண்டிவந்தாள். இங்கிலீஷ் மட்டும் கழுத்துப்பட்டியில் மாட்டிய ஊசியாக நின்றது. "ஆகஸ்ட் வரைக்கும் இடத்த வச்சிருக்கோம்மா. அதுக்கு மேல முடியாது," என்றார்கள். அதற்குள் இருந்தது ஒரே ஒரு துணைத் தேர்வு. அதை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள். எழுதி மூன்று வாரம் ஆகியும் துணியில் எழுதுகிற பழக்கம் போகவில்லை.

மார்ச்சில் அவள் வாங்கியது முப்பத்து நான்கு. முப்பத்தைந்து வாங்கினால் பாஸ். ஒரு மார்க்கில் போனவர்களின் வயிற்றெரிச்சல் பத்து மார்க்கில் போனவர்களுக்குத் தெரியாது. ஆசிபா அழவில்லை, விடைத்தாள் நகலுக்கு மனுப் போட்டாள். வந்ததை வெட்டுகிற மேஜையில் விரித்து, இன்ச் டேப்பை மேலே வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தாள். இலக்கணத்தில் ஆறு கேள்வி, நான்கு எழுத வேண்டும். அவள் மூன்று எழுதியிருந்தாள். மற்ற மூன்றும் ஒரே சங்கதி: வினைச்சொல்லுக்குப் பின்னால் 'டு' போட்டு எழுதுவதா, 'இங்' ஒட்டி எழுதுவதா என்பது. அவற்றில் ஒன்றை எழுதியிருந்தால் இரண்டு மார்க். அந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது. அதன் மேல் சிவப்பு மையில் ஒரு குறுக்குக்கோடு.

வெள்ளையாக விடச் சொன்னவர் டுட்டோரியல் கண்ணுசாமி. நல்ல மனிதர். தோற்றவர்களைத் தேற்றிவிடுவதே தொழில். அவரிடம் படித்துப் பாஸானவர்கள் மணியாச்சி வரைக்கும் ரயில்வேயில் இருக்கிறார்கள். அவருடைய வித்தை ஒன்றுதான். எதைப் படிக்க வேண்டும் என்பதைவிட எதைப் படிக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுப்பார்.

"ஆசிபாம்மா, டு-வா இங்-காங்கிறது கடல். அறுபத்து மூணு வெர்பு இருக்கு லிஸ்ட்ல. மனப்பாடம் பண்ண முடிஞ்சா பண்ணுங்க, இல்லன்னா சாய்ஸ்ல விட்டுருங்க. பாஸுக்கு அது தேவையில்ல."

முப்பத்து நான்கைக் கொண்டுபோய்க் காட்டியபோது அவருக்கும் முகம் வாடிவிட்டது. "ஒரே ஒரு மார்க்குலயா," என்றார்.

"ஒரு மார்க்கு இல்ல சார். நீங்க விடச் சொன்ன ரெண்டு மார்க்கு."

அந்த 'விடு' என்ற சொல்லைக் கேட்டால் ஆசிபாவுக்கு இப்போதெல்லாம் உச்சந்தலை சூடாகிவிடுகிறது. அதற்குக் காரணம் கண்ணுசாமி மட்டும் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் அவளுக்கு ஹாக்கி மட்டை பிடிக்க வந்தது, இந்த ஹாக்கி ஊரில் அது யாருக்குத்தான் வராது. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு, விடு என்றார்கள். பிளஸ் டூவில் இங்கிலீஷ் போனபோது மறுபரீட்சை நாளும் நிக்காஹ் நாளும் ஒரே வாரத்தில் வந்தன. பரீட்சையை விடு என்றார்கள். முப்பத்து நான்கு வந்த அன்று அவள் கணவன் அப்துல் நாசர், பழக்கடையைப் பூட்டிவிட்டு வந்து, "இந்த வயசுல இவ்வளவு வந்ததே பெருசு. விடு ஆசிபா," என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். இரண்டு நாள் அவருக்குச் சோறு வந்தது, பேச்சு வரவில்லை.

"எல்லாரும் எனக்கு நல்லது நெனச்சுத்தான் சொல்லுதாவ. அப்படி நல்லது நெனச்சே என்னைய பாதிப் பேப்பரா ஆக்கிட்டாவ," என்பாள்.

ஆகவே அந்தப் பாடத்தையே பிடித்துக்கொண்டாள். கண்ணுசாமியின் அறுபத்து மூன்று சொல்லையும் மனப்பாடம் பண்ணிப் பார்த்தாள். காலையில் ஏறியது மாலையில் இறங்கியது. பிறகு ஒருநாள் தலை நிமிர்ந்தபோது அவளுடைய சுவரே அவளுக்கு வழி காட்டியது. சுவரில் வரிசையாக மூன்று ஆணி. முதல் ஆணியில் வெட்டாத துணிகள் தொங்கும். இரண்டாவதில் தைத்து முடித்தவையும் மெஷினில் பாதி ஓடியவையும். மூன்றாவதில் ஆல்ட்டரேஷன்.

ஆசை, நம்பிக்கை, திட்டம், வாக்கு, சம்மதம் இதெல்லாம் இன்னும் வெட்டாத துணி. முதல் ஆணி. அதற்கு 'டு'. ரசித்தது, முடித்தது, ஒப்புக்கொண்டது, இல்லையென்று சாதித்தது இதெல்லாம் கத்தரி பட்ட துணி. இரண்டாவது ஆணி. அதற்கு 'இங்'. இரண்டிலும் அடங்காமல் முரண்டு பிடிப்பவை இருக்கின்றனவே, இனிமேல் செய்யலாம் என்று யோசனை சொல்லிவிட்டு 'இங்' கேட்கிற 'சஜஸ்ட்', எப்படியோ செய்து முடித்துவிட்டும் 'டு' கேட்கிற 'மேனேஜ்' மாதிரி, அவை ஆல்ட்டரேஷன் ஆணிக்குப் போயின. "ஆல்ட்டரேஷனுக்குச் சட்டம் கிடையாது. ஒவ்வொரு உடம்பா அளந்துதான் பாக்கணும்," என்று சொல்லி, அவற்றை மட்டும் ஒவ்வொன்றாகத் துணியில் எழுதி மனப்பாடம் பண்ணினாள்.

கண்ணுசாமியிடம் இதைச் சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது ரூல் இல்லம்மா."

"உங்ககிட்ட இருக்கதும் ரூல் இல்ல சார். அது லிஸ்ட்டு. நான் ஆணியாவது அடிச்சிருக்கேன்."

அவர் சிரித்துவிட்டு, சோதித்துப் பார்ப்போம் என்று, "சரி, 'ரெஃப்யூஸ்'?" என்றார்.

"மாட்டேங்கிறதும் இனிமே செய்யப் போறதத்தான சொல்லுது. மொத ஆணி."

"கிவ் அப்?"

"ரெண்டாவது. செஞ்சுக்கிட்டு இருக்கதத்தான சார் விட முடியும்? ஆரம்பிக்காதத எப்படி விடுவாவ?"

கண்ணுசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவளிடம் சாய்ஸ் பற்றிப் பேசவில்லை.

தையல்காரிக்குத் தன் துணி கடைசித் துணி. ஊருக்கெல்லாம் ஹூக் வைப்பவளின் ரவிக்கையில் ஊக்கு இருக்கும். தேர்வுக்குப் போட்டுப் போகவென்று ஆசிபா எடுத்துவைத்திருந்த நீலப் பருத்தித் துணி பதினைந்து நாளாக முதல் ஆணியை விட்டு இறங்கவில்லை. அதற்குள் ஒரு கோயில் கொடைத் திருவிழாவுக்குத் துணிகள் மொத்தமாக வந்துவிட்டன. தைத்துக்கொண்டே கைக்கு எட்டிய துண்டில் எழுதிப் படித்தாள். பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் நீலத்துக்கு நேரம் வந்தது. உடம்பை ஒழுங்காகத் தைத்து, கைகளை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பெரிய பெரிய தையலாக ஓட்டிவைத்தாள். அந்தச் சட்டையின் வலது கைத் துணியில், உள்பக்கம், எட்டு ஆல்ட்டரேஷன் சொற்கள் இருந்ததை அவள் திருப்பிப் பார்க்கவே இல்லை. வேலுத்தாய் பார்த்திருப்பாள்.

தேர்வு மையம் ஒரு பள்ளிக்கூடம். ஜூலை மாத வெயில், ஜன்னலுக்கு வெளியே ஈரமில்லாமல் பாளம் பாளமாக வெடித்த கரிசல். வகுப்பறையில் அவளைத் தவிர எல்லாரும் அவள் மகனாகவோ மகளாகவோ இருக்கலாம். கேள்வித்தாள் கைக்கு வந்ததும் ஆசிபா எப்போதும் செய்வதைச் செய்தாள். சட்டைக் கையை முழங்கை வரைக்கும் இரண்டு மடிப்பு மடித்துவிட்டு எழுத உட்கார்ந்தாள். நுணல் தன் வாயால் கெட்டது, ஆசிபா தன் கையால்.

பதினோரு மணிக்குப் பறக்கும் படை வந்தது. அதில் ஓர் அம்மாள், கறாரான முகம், காலில் சத்தமில்லாத செருப்பு. வரிசையாக வந்தவர் ஆசிபாவின் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"என்னம்மா இது?"

ஆசிபா குனிந்து பார்த்தாள். நீலத் துணியில் வெள்ளை எழுத்து, தலைகீழாக. ஒரு கணம் அவளுக்கே அது என்னவென்று புரியவில்லை. புரிந்தபோது பேனாவை மேஜையில் வைத்தாள். ஆகஸ்ட், பயிற்சி மையம், அத்தனை பேரும் சொன்ன 'விடு' எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"சாக்கு மேடம். நான் டெய்லர். தைக்கும்போது எழுதிப் படிச்சது. தட்டிவிட மறந்துட்டேன்."

"பிட்டுன்னு சொல்லுங்க."

இதைக் கேட்டதும் பயம் போய்க் கோபம் வந்தது. வந்தது நல்லதாகப் போயிற்று. "பிட்டுன்னா மறைச்சுல்லா வச்சிருப்பேன். நாலு பேரு பாக்க மடிச்சுவிட்டுட்டா உக்காந்திருப்பேன்?"

"எழுத்து இருந்தா எழுத்துதாம்மா. விதி ஒண்ணுதான். பேப்பரக் குடுத்துட்டு வெளிய வாங்க."

"வெளிய வர மாட்டேன் மேடம்."

அதிகாரி இன்னொரு முறை சொன்னார். ஆசிபா எழுந்து நின்றாள். "எழுத்து துணியிலதான இருக்கு, எம்மேல இல்லல்லா. அத எடுத்துக்கிடுங்க," என்று சொல்லி, துப்பட்டாவைத் தோளோடு இழுத்து மூடிக்கொண்டு, இடது கையை உள்ளே விட்டு, தோள்மூட்டில் நூல் முனையைத் தேடி ஒரே இழுப்பு இழுத்தாள். பெரிய தையல். படபடவென்று விட்டது. வலது கை முழுசாகக் கழன்று வர, அதை உருவி, நான்காக மடித்து, அளவு துணியைக் கொடுக்கிற மாதிரி அதிகாரியிடம் நீட்டினாள்.

அந்த அம்மாள் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். எட்டுச் சொல். நடுநடுவே 'கை 17', 'அக்குள் 8', 'அரை தள்ளி' என்று தமிழில் கணக்கு. ஒரு சொல்லின் பாதி மடிப்புத் தையலுக்குள் போயிருந்தது. கேள்வித்தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். கேள்வியில் வந்த வினைச்சொற்களில் ஒன்றுகூடத் துணியில் இல்லை. தேர்வு மையத்தின் தலைமை அதிகாரியை அழைத்தார். வெளியே போய்ப் பேசினார்கள். ஆசிபா நின்றபடியே இருந்தாள். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

திரும்பி வந்தபோது பன்னிரண்டு ஆகப் பத்து நிமிஷம். "எழுதினது செல்லாது. புது விடைத்தாள் தருவாங்க. மொதல்ல இருந்து எழுதணும். கூட நேரம் கிடையாது," என்றார் அதிகாரி. பிறகு மடித்த துணியைக் கைப்பைக்குள் வைத்தபடி, குரலைத் தணித்து, "எந்த ஊர்ல கடை?" என்றார்.

"இங்கனதான் மேடம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால."

மூன்று மணி நேரத்துப் பரீட்சைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாகவே இருந்தது. முதலில் எழுதியதெல்லாம் மேஜையை விட்டுப் போய்விட்டது. ஆனால் தைத்ததைப் பிரித்து மறுபடி தைப்பதில் ஆசிபாவுக்கு இருபது வருஷப் பழக்கம். துப்பட்டாவை வலது தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் சுற்றிக்கொண்டு எழுதினாள். செய்யுள், பத்தி, கடிதம், கட்டுரை எல்லாம் ஓடின. கேள்வித்தாளில் இலக்கணத்தின் இரண்டு மார்க் கேள்விகளை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தாள், பலகாரத்தில் பிடித்ததைக் கடைசிக்கு வைக்கிற பிள்ளை மாதிரி. ஆறு கேள்வி. எவையேனும் நான்கு எழுதினால் போதும். ஆறும் டு-வும் இங்-கும்தான். முதல் ஆணி, இரண்டாவது ஆணி, இரண்டாவது, முதல். நான்கு எழுதி முடித்தபோது எச்சரிக்கை மணி அடித்தது. இன்னும் ஐந்து நிமிஷம்.

காலையிலிருந்து அறையைக் கவனித்த ஆசிரியை பக்கத்தில் வந்தார். அவருக்கும் காலையில் நடந்தது மனதைப் பிசைந்திருக்க வேண்டும். நூல் கட்டுவதற்குத் தாள்களைத் தட்டி அடுக்கியபடி, "எல்லாம் எழுதியாச்சில்லம்மா? கட்டிரலாமா?" என்றார்.

"இன்னும் ரெண்டு இருக்கு மேடம்."

ஆசிரியை கேள்வித்தாளைப் பார்த்தார். "அது சாய்ஸும்மா. நாலு போதும். மிச்சம் எழுதினாலும் மார்க்கு கிடையாது."

"தெரியும் மேடம்."

ஆசிபா மணிக்கட்டில் சுற்றியிருந்த துப்பட்டாவைப் பிரித்து, முழங்கைக்கு மேலே இரண்டு மடிப்பு மடித்துவிட்டு, ஐந்தாவது கேள்விக்கு எண் போட்டாள்.